முனைவர் பட்டத்துக்கு எங்கே பதிவது? கைடைப் பார்க்கும்போது ஆபீஸையும் பாருங்கள்

எம்.ஏ., எம்.எஸ்சி. ரிசல்ட் வந்த கையோடு மாணவர்கள் வந்து கேட்பது, "சார், பிஎச்.டி.க்கு யாரிடம் சேரலாம்?" என்றுதான். கைடு முக்கியம், அதில் மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் நல்ல கைடு வாய்த்தும் ஏழு வருடம் இழுத்து வெளியே வந்தவர்களிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். லேபில் சோதனை தோற்றதையோ சுவடி கிடைக்காததையோ அவர்கள் அதிகம் பேச மாட்டார்கள். பதிவுக் கடிதம் எப்போது வந்தது, தலைப்பை மாற்ற எத்தனை தடவை அலைந்தார்கள், தீசிஸ் கொடுத்த பிறகு எக்ஸாமினர் ரிப்போர்ட்டுக்காக எவ்வளவு காலம் காத்துக் கிடந்தார்கள் என்பதெல்லாம்தான் கதையாக வரும். கைடைத் தேடும் அதே அக்கறையோடு, அவர் எந்த நிர்வாகத்தின் கீழ் இருக்கிறார் என்பதையும் பார்த்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

தமிழ்நாட்டில் முதுகலை முடித்தவர் முன்னால் நாலு வாசல் இருக்கிறது. மாநிலப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியின் ஆய்வுத் துறை ஒன்று. அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகத் துறை இன்னொன்று. சென்னை ஐ.ஐ.டி., திருச்சி என்.ஐ.டி., திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், பக்கத்தில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் போன்ற மத்திய அரசு நிறுவனங்கள் மூன்றாவது. தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் நான்காவது. பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் 'முனைவர்' எல்லாவற்றிலும் ஒன்றுதான். அதுவரை கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆபீஸ்தான் வேறு வேறு.

பெரும்பாலோருக்குப் பொதுவான சட்டம்

முதலில் பெரும்பாலான இடங்களில் மாறாதது எது என்று தெரிந்துகொள்வோம். பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022 நவம்பரில் அறிவித்த பிஎச்.டி. ஒழுங்குமுறைதான் இப்போது நடப்பில் இருப்பது. கோர்ஸ் வொர்க்கையும் (தொடக்கத்தில் படித்துத் தேர்வெழுத வேண்டிய பாடங்கள்) சேர்த்துக் குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6 வருடம். முடியவில்லை என்றால் மறுபதிவு செய்து இன்னும் 2 வருடம் வாங்கலாம். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் 2 வருடம் உண்டு. பெண் ஆய்வாளர்களுக்கு மொத்தக் காலத்திலும் 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு இருக்கிறது. கேட்டு வாங்க வேண்டிய உரிமை இது. கேட்காமல் விட்டவர்கள் நிறையப் பேர்.

கோர்ஸ் வொர்க் குறைந்தது 12 கிரெடிட். ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும் மட்டுமே வைத்துக்கொள்ளலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஆய்வை மேற்பார்க்கும் டாக்டரல் கமிட்டி முன்னால் நின்று என்ன செய்தீர்கள் என்று சொல்ல வேண்டும். தீசிஸை நிறுவனத்துக்கு வெளியே குறைந்தது இரண்டு பேர் மதிப்பிட வேண்டும். கொடுத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மதிப்பீட்டை முடித்துவிட வேண்டும் என்றும் அதே விதியில் எழுதியிருக்கிறது. அந்த வரியை ஒரு நகல் எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2016 விதியில் தீசிஸ் கொடுக்கும் முன் ஒரு கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும், இரண்டு கருத்தரங்கில் படிக்க வேண்டும் என்று இருந்தது. 2022-இல் யு.ஜி.சி. அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. "அப்படியானால் கட்டுரையே வேண்டாமா?" என்று சந்தோஷப்பட வேண்டாம். யு.ஜி.சி. எடுத்தாலும், தங்கள் சொந்த விதியில் கட்டுரையை வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. எந்தப் பட்டியலில் உள்ள இதழ், எத்தனை கட்டுரை என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். சேரும் வருடத்து விதிப் புத்தகத்தை எழுத்து விடாமல் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஐ.ஐ.டி.க்களுக்கு இந்த யு.ஜி.சி. விதி பொருந்தாது. அவை 1961-ஆம் ஆண்டு ஐ.ஐ.டி. சட்டத்தின் கீழ் இயங்குபவை. அங்கே கல்வி விஷயங்களை முடிவு செய்யும் குழுவான செனட் வைத்ததுதான் சட்டம்.

இணைவுக் கல்லூரி: வீட்டுக்குப் பக்கம், ஆபீஸுக்குத் தூரம்

நம் மாநிலத்தில் கலை, அறிவியல் ஆய்வாளர்களில் பெரும் கூட்டம் சேருவது இங்கேதான். காரணம் எளிது. படித்த கல்லூரி, பழகிய ஆசிரியர், வீட்டுச் சாப்பாடு. பள்ளிக்கூட ஆசிரியராகவோ தனியார் கல்லூரியில் வேலையிலோ இருந்துகொண்டு பார்ட் டைமில் செய்ய நினைப்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் நடைமுறையில் திறந்திருக்கும் வாசல்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் எல்லாமே அந்தக் கல்லூரியின் கையில் என்று பலர் நினைக்கிறார்கள். இளங்கலை, முதுகலைக்குப் பாடத்திட்டம் போடுவது, தேர்வு வைப்பது, மதிப்பெண் போடுவது எல்லாம் தன்னாட்சிக் கல்லூரியின் வேலை, சரி. பிஎச்.டி. அப்படியில்லை. அதைப் பதிவதும் மதிப்பிடுவதும் பட்டம் தருவதும் தாய்ப் பல்கலைக்கழகம். சென்னையின் பழம்பெரும் தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் ஆய்வு செய்தாலும் உங்கள் ஃபைல் சேப்பாக்கத்தில் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். முதுகலையில் கல்லூரித் தேர்வு அலுவலகத்தில் அரை மணி நேரத்தில் வேலை முடிந்து பழகியவர்களுக்கு இந்த மாற்றம் கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும்.

ஒரு ஃபைல் எப்படிப் போகிறது என்று பாருங்கள். நீங்கள் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிறீர்கள். கைடு போடுகிறார். துறைத்தலைவர், அப்புறம் முதல்வர். முதல்வர் அலுவலகத்தில் முன்னனுப்புக் கடிதம் டைப் ஆகி, வெளித்தபால் பதிவேட்டில் எண் வாங்கி, பல்கலைக்கழகம் போகிறது. அங்கே உள்தபாலில் ஒரு எண். ஆராய்ச்சிப் பிரிவில் உங்கள் பாடத்தைக் கவனிப்பவரின் மேசைக்கு வருகிறது. அந்தப் பிரிவு உதவியாளர் குறிப்பு எழுதி, கண்காணிப்பாளர், உதவிப் பதிவாளர் என்று மேலே போய், தேவைப்பட்டால் துணைவேந்தர் வரை ஏறி, அதே படிகளில் கீழே இறங்கி, கடிதமாகக் கல்லூரி முதல்வருக்கு வரும். அவர் உங்களுக்குத் தருவார். இது பதிவுக்கு ஒருமுறை மட்டும் நடப்பதில்லை. டாக்டரல் கமிட்டி அமைக்க, கோர்ஸ் வொர்க் தாள்களுக்கு ஒப்புதல் வாங்க, மதிப்பெண் அனுப்ப, பதிவை உறுதிப்படுத்த, தலைப்பை மாற்ற, பார்ட் டைமிலிருந்து ஃபுல் டைமுக்கு மாற, நீட்டிப்பு வாங்க, சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) கொடுக்க என்று ஒவ்வொன்றுக்கும் இதே பயணம். பலவற்றுக்குத் தனிக் கட்டணமும் உண்டு. எந்தக் காகிதத்தில் ஒரு இணைப்பு குறைந்தாலும் திரும்பி வந்து மறுபடி முதல் படி.

இதில் பூகோளமும் சேர்ந்துகொள்கிறது. பாரதியார் பல்கலைக்கழகத்தின் எல்லையில் கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி நாலு மாவட்டமும் வருகின்றன. கோவைக்காரர் டவுன் பஸ்ஸில் பல்கலைக்கழகம் இருக்கும் மருதமலை அடிவாரம் போய்க் கேட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவார். ஊட்டிக்காரர் மலை இறங்க வேண்டும். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் நாகர்கோவில் பக்கத்து ஆய்வாளருக்குத் திருநெல்வேலி தாண்டி அபிஷேகப்பட்டி. இணையவழி விண்ணப்பம் வந்து கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனால் "எங்கே நிற்கிறது" என்று தெரிந்துகொள்ள நேரில் போவதுதான் இன்னும் பலருக்குக் கைகொடுக்கிறது.

கல்லூரிக் கைடு விஷயத்தில் இன்னொன்று. சுயநிதிப் பிரிவிலோ தனியார் கல்லூரியிலோ வேலை பார்ப்பவர் கைடாக இருந்தால், அவர் நாளை வேறு கல்லூரிக்குப் போகலாம். கைடாக இருக்கும் அங்கீகாரத்தைப் பல்கலைக்கழகம்தான் தருகிறது. அவர் எல்லை தாண்டி வேறு பல்கலைக்கழகத்தின் கீழ் போய்விட்டால் உங்களுக்குக் கைடு மாற்றம் என்ற பெரிய காகிதப் படலம் ஆரம்பிக்கும். திறமையான இளம் ஆசிரியர் என்றால் இந்த ஆபத்து கூடுதல், ஏனென்றால் அவருக்கு வேறு இடத்தில் நல்ல வேலை கிடைக்கும்.

இவ்வளவும் சொன்னதால் கல்லூரி வேண்டாம் என்று அர்த்தமில்லை. முதல்வர் அலுவலகத்தில் ஆராய்ச்சிக் காகிதங்களுக்கென்று ஒரு பொறுப்பாளர் இருந்து, அவருக்குப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பிரிவு பழக்கமாக இருந்தால் பாதிச் சுமை குறைந்துவிடும். நிறையப் பேர் பட்டம் வாங்கிய பழைய துறைகளில் இந்த வழக்கம் ஊறிப்போயிருக்கும். துறைக்கு ஆய்வு அங்கீகாரம் வந்தே இரண்டு வருடம்தான் ஆகிறது என்றால் அந்தத் துறையின் முதல் ஆய்வாளராக நீங்கள் எல்லாக் கதவையும் தட்டித் திறக்க வேண்டியிருக்கும்.

வளாகத் துறை

அதே பல்கலைக்கழகம், அதே விதி. ஆனால் முதல்வர் அலுவலகம் என்ற படி இங்கே இல்லை. துறையிலிருந்து நிர்வாகக் கட்டடம் நடந்து போகும் தூரம். கைடு ஆட்சிக்குழுவிலோ கல்விக்குழுவிலோ இருக்கக்கூடியவர். அங்கே யாரைப் பார்த்து என்ன கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். நூலகமும் கருவிகளும் சராசரிக் கல்லூரியைவிட மேல். பல்கலைக்கழக ஆய்வு உதவித்தொகை ஏதாவது இருந்தால் அறிவிப்பு முதலில் காதில் விழுவதும் இவர்களுக்குத்தான்.

சிக்கல், இடம் கிடைப்பது. பல மாநிலப் பல்கலைக்கழகத் துறைகளில் ஓய்வு பெற்றவர்களின் இடங்கள் நிரப்பப்படாமல் கிடக்கின்றன. பத்துப் பேர் இருந்த துறையில் நாலு பேர் இருந்தால், கைடுக்கு இத்தனை பேர்தான் என்ற கணக்கில் காலியிடம் மிகக் குறைவாகத்தான் வரும். ஃபுல் டைமுக்கு முன்னுரிமை என்பதால் வேலையில் இருப்பவர்களுக்கு அதுவும் எட்டாது.

பொறியியலில் இந்த ஒப்பீடு வேறு மாதிரி. மாநிலம் முழுவதும் இணைந்த பொறியியல் கல்லூரிகளின் ஆய்வாளர்கள் எல்லாரும் கிண்டியில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மையத்தின் கீழ் வருகிறார்கள். கலை, அறிவியல் போல வட்டாரத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்லூரி ஆய்வாளருக்கும் கிண்டி வளாக ஆய்வாளருக்கும் ஆபீஸ் ஒன்றே. நிர்வாகம் ஒரே இடத்தில் குவிந்திருப்பதில் விதி ஒரே சீராக இருக்கும் என்ற நன்மை உண்டு. கூட்டம் ஒரே வரிசையில் நிற்கும் என்ற தீமையும் உண்டு.

ஐ.ஐ.டி. பாணி

வித்தியாசத்தை ஒரு உதாரணத்தில் காட்டலாம். மாநிலப் பல்கலைக்கழக முறையில் டாக்டரல் கமிட்டியைக் கூட்டுபவர் உங்கள் கைடு. மற்ற இருவரும் பெரும்பாலும் அவருக்குத் தெரிந்த வெளிக் கல்லூரிக்காரர்கள். வந்து டீ குடித்து, நல்ல வார்த்தை நாலு சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் கமிட்டிக்குத் தலைவர் கைடு இல்லை, வேறொருவர். உறுப்பினர்களில் பலர் அதே வளாகத்தில் இருப்பவர்கள், காரிடாரில் தினமும் எதிர்ப்படுவார்கள். கைடுக்கும் ஆய்வாளருக்கும் மனக்கசப்பு வந்தால் போய்ச் சொல்ல மூன்றாவது ஆள் ஒருவர் அமைப்பிலேயே இருக்கிறார். ஆய்வுப் படிப்புக்கென்றே தனி டீனும் இருக்கிறார். பதிவு, தேர்வு, பட்டம் எல்லாம் ஒரே வேலிக்குள் நடக்கிறது. ஃபைல் ஊர் தாண்ட வேண்டியதே இல்லை.

பதிலுக்கு அவர்கள் கேட்பது உழைப்பு. கோர்ஸ் வொர்க் என்றால் எம்.டெக். மாணவர்களோடு உட்கார்ந்து, அசைன்மென்ட் எழுதி, கிரேடு வாங்க வேண்டும். அப்புறம் காம்ப்ரிஹென்சிவ் வைவா, அதாவது படித்தது முழுவதிலும் வாய்மொழித் தேர்வு. அதில் நின்று பதில் சொல்லித்தான் மேலே போக முடியும். கல்லூரியில் கோர்ஸ் வொர்க் தேர்வை ஒரு சடங்காக முடித்தவர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். என்னைக் கேட்டால், முதல் ஒன்றரை வருடம் இப்படிப் பிழியப்படுவது பிற்பாடு தீசிஸ் எழுதும்போது உதவுகிறது.

ஐ.ஐ.டி. என்றால் பொறியியல் மட்டும் என்று நினைக்க வேண்டாம். சென்னை ஐ.ஐ.டி.யில் ஹ்யூமானிட்டீஸ், சமூக அறிவியல் துறை இருக்கிறது. பொருளாதாரம், ஆங்கிலம் படித்தவர்கள் அங்கே பிஎச்.டி. செய்கிறார்கள். ஆனால் தமிழ் இலக்கியத்துக்கு அங்கே இடமில்லை. தமிழ்க்காரர்கள் பார்க்க வேண்டியது வேறு பட்டியல்: மாநிலப் பல்கலைக்கழகங்களின் தமிழ்த் துறைகள், 1981-இல் தொடங்கிய தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், தரமணியில் உள்ள உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம், புதுச்சேரியின் சுப்பிரமணிய பாரதியார் தமிழியற்புலம், திருவாரூர்.

இந்த வரிசையில் சேராத சில இடங்களும் உண்டு. தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் உட்கார்ந்து ஆய்வு செய்தால் பட்டம் ஹோமி பாபா தேசிய நிறுவனத்தின் பெயரில் வரும். அடையாறு தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஏ.சி.எஸ்.ஐ.ஆர். என்ற அகாதெமி வழியாகப் பட்டம் வாங்கலாம். எங்கே உட்காருகிறோம், யார் பட்டம் தருகிறார்கள் என்ற இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சேரும் முன் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

தனியார் நிகர்நிலை

வேகம் இவர்களின் பலம். கமிட்டி சொன்ன தேதியில் கூடும், பதிவுக் கடிதம் சீக்கிரம் வரும், பார்ட் டைமுக்கும் தயங்க மாட்டார்கள். கட்டணம் மாநிலப் பல்கலைக்கழகத்தைவிடப் பல மடங்கு. ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் ஏறிய கட்டுரை இத்தனை என்று எண்ணிக்கை கேட்கும் இடங்கள் அதிகம், ஏனென்றால் தரவரிசையில் அவர்களுக்கு அது தேவை. ஆய்வு நிஜமாகவே நடக்கும் நிகர்நிலைகளும் இருக்கின்றன, வெறும் பதிவுக் கணக்கு ஏற்றும் இடங்களும் இருக்கின்றன. இரண்டையும் பிரித்தறிய அந்தத் துறையின் லேபில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று போய்ப் பார்த்தால் போதும்.

தீசிஸ் கொடுத்த பிறகு

ஆய்வாளர்கள் சேரும்போது யோசிக்காத இடம் இதுதான். ஆனால் நான்கு வாசலுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான் வெளிப்படுகிறது.

சினாப்சிஸோடு கைடு எக்ஸாமினர் பேனல் ஒன்றைக் கொடுப்பார். உள்நாட்டுப் பேராசிரியர்கள் சிலர், சாத்தியமானால் வெளிநாட்டவர் சிலர், பெயர், முகவரி, மின்னஞ்சல். அது உறையில் மூடி ரகசியமாகப் போகும். மாநிலப் பல்கலைக்கழகங்களில் வழக்கமாகத் துணைவேந்தர் அதில் இருப்பவர்களில் யார் முதலில் என்று குறிப்பார். பிறகு அலுவலகம் முதல் நபருக்கு எழுதி, மதிப்பிடச் சம்மதமா என்று கேட்கும். பதில் வராது. நினைவூட்டல் போகும். அதற்கும் பதில் இல்லை என்றால் அடுத்த பெயர். சம்மதித்தவருக்கு தீசிஸ் போகும். அவர் மூன்று மாதம் வைத்திருப்பார். ஒரு அறிக்கை வந்து இன்னொன்று வராமல் நிற்கும். இரண்டும் வந்து, ஒருவர் திருத்தம் கேட்டிருந்தால் அது தனிச் சுற்று. அதற்குப் பிறகுதான் பொது வாய்மொழித் தேர்வுக்குத் தேதி. ஆறு மாதம் என்று விதியில் இருப்பது இந்தப் படிகளில்தான் கரைந்துபோகிறது.

இதில் துணைவேந்தர் என்ற படியைக் கவனியுங்கள். அந்த நாற்காலியே காலி என்றால்? தமிழ்நாட்டில் ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் நடந்த இழுபறியில் பல பல்கலைக்கழகங்கள் நீண்ட காலம் துணைவேந்தர் இல்லாமல் ஒருங்கிணைப்புக் குழுவின் கீழ் ஓடின. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தபின் அடுத்தவர் வரவில்லை. குழுவில் ஒருவர் கையெழுத்துப் போடலாம், போட்டார்கள். ஆனால் உயர்கல்விச் செயலர் பொறுப்போடு சேர்த்து இதையும் பார்ப்பவரின் மேசையில் உங்கள் பேனல் எத்தனாவது ஃபைல் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேருபவர்கள் துணைவேந்தர் இருக்கிறாரா, பதவிக்காலம் எப்போது முடிகிறது என்று விசாரிப்பதில் தப்பே இல்லை. ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் இதே பேனல் வேலை பழக்கப்பட்ட இயந்திரம் போல் நடப்பதால் தாமதம் பெரும்பாலும் எக்ஸாமினர் பக்கம் மட்டுமே இருக்கும்.

ஒரு பல்கலைக்கழகத்தில் உண்மையில் எவ்வளவு காலம் ஆகிறது என்று கண்டுபிடிக்க நல்ல வழி ஒன்று இருக்கிறது. காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் தீசிஸ்கள் ஏற்றப்படுகின்றன. அதில் கைடு பெயரைப் போட்டுத் தேடினால் அவரிடம் முடித்தவர்களின் தீசிஸ் வரும். பதிவு தேதி, முடித்த தேதி, பட்டம் தந்த தேதி என்று கட்டங்கள் இருக்கும். பல பதிவுகளில் அவை நிரப்பப்படாமலே கிடக்கும். நிரப்பியிருக்கும் நாலைந்தைக் கழித்துப் பார்த்தாலே போதும், விளம்பரக் கையேடு சொல்லாதது தெரிந்துவிடும். தீசிஸின் தரமும் கூடவே தெரியும்.

கைடின் பிறந்த தேதி

கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் தெரிந்துகொள்ளுங்கள். ஓய்வுக்கு மூன்று வருடத்துக்குக் குறைவாக உள்ளவர் புது ஆய்வாளரை எடுக்கக் கூடாது என்பது யு.ஜி.சி. விதி. மாநிலப் பல்கலைக்கழக, கல்லூரி ஆசிரியர்களுக்கு ஓய்வு வயது 60. மத்தியப் பல்கலைக்கழகத்தில் 65. ஆக, 57 தாண்டிய பேராசிரியர் மதுரையில் உங்களை எடுக்க முடியாது. அதே வயதுக்காரர் திருவாரூரில் இன்னும் ஐந்து வருடம் புது ஆட்களை எடுக்கலாம். 56 வயதில் ஒரு மாநிலப் பேராசிரியரிடம் சேர்ந்தால், நீங்கள் தீசிஸ் எழுதும் நேரத்தில் அவர் ஓய்வு பெற்றிருப்பார். அவர் இணை வழிகாட்டியாகத் தொடரலாம், பிரதானக் கைடாக வேறொருவர் பெயர் ஏற வேண்டும். அந்த வேறொருவர் யார் என்பதை இப்போதே பேசி வைத்துக்கொள்வது உத்தமம்.

பணம்

நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்கியிருந்தால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை உதவித்தொகை) ஆனதும் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. இந்தத் தொகை கல்லூரியில் சேர்ந்தாலும் ஐ.ஐ.டி.யில் சேர்ந்தாலும் கூடவே வரும். அதனால் ஜே.ஆர்.எஃப். கையில் இருப்பவர் பணத்துக்காக இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. வித்தியாசம் வருவது ஜே.ஆர்.எஃப். இல்லாதவர்களுக்குத்தான். ஐ.ஐ.டி.யில் கேட் (GATE) தேர்வு போன்ற தகுதியோடு ஃபுல் டைமில் சேர்பவருக்கு நிறுவனமே அதே அளவு தொகையைத் தருகிறது. பதிலுக்கு லேப், டுடோரியல் வேலை செய்ய வேண்டும். பிரதமர் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் தொடக்கமே 70,000. மத்தியப் பல்கலைக்கழகத்தில் நெட் இல்லாத ஃபுல் டைம் ஆய்வாளருக்கு மாதம் 8,000. அதை வைத்து விடுதிச் சாப்பாட்டுக்கு மேல் எதுவும் நடக்காது.

மாநிலத்தில் அரசுக் கல்லூரி ஃபுல் டைம் ஆய்வாளர்களுக்கு முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை இருக்கிறது, தேர்வு எழுதித்தான் வாங்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியின முழுநேர ஆய்வாளர்களுக்கு நலத்துறை ஊக்கத்தொகை தருகிறது. எந்த உதவித்தொகையாக இருந்தாலும் அது மாதா மாதம் வரும் என்று நம்பி வாடகை வீடு பிடிக்க வேண்டாம். வருகைச் சான்றும் முன்னேற்ற அறிக்கையும் ஒவ்வொரு முறையும் போய்ச் சேர்ந்த பிறகுதான் பணம் இறங்கும். இங்கேயும் காகிதம்தான் ராஜா.

யார் எங்கே

ஜே.ஆர்.எஃப். இருந்து, வயது இருபதுகளில் இருந்து, குடும்பப் பொறுப்பு அழுத்தவில்லை என்றால் ஐ.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகம் இரண்டையும் முயற்சி செய்துவிட்டுத்தான் வேறு இடம் பார்க்க வேண்டும். தெரிந்த கைடு, வீட்டுச் சாப்பாடு என்று உள்ளூர்க் கல்லூரியிலேயே உட்கார்ந்துவிடுவது அந்த ஜே.ஆர்.எஃப்.பை வீணடிப்பது. இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது.

தமிழ், வரலாறு போன்ற பாடங்களில் சுவடி, கல்வெட்டு, வட்டார ஆவணம் சார்ந்த தலைப்பு என்றால் நிர்வாகம் கொஞ்சம் மெதுவாக இருந்தாலும் அந்தத் துறையில் ஆழம் உள்ள வளாகம்தான் சரி. நல்ல நூலகமும் அதைப் படிக்கத் தெரிந்தவரும் இல்லாத இடத்தில் ஃபைல் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பிரயோஜனம் இல்லை.

வேலையில் இருப்பவர் நிலைமை வேறு. பார்ட் டைமுக்கு வேலை தருபவரிடமிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். அதில் பார்ட் டைமில் படிக்க அனுமதிக்கிறோம், ஆய்வுக்குப் போதுமான நேரம் கிடைக்கும், தேவைப்பட்டால் கோர்ஸ் வொர்க்குக்காகப் பணியிலிருந்து விடுவிப்போம் என்று எழுதித் தர வேண்டும். பல தனியார் கல்லூரிகள் கடைசி வரியில் மட்டும் மௌனமாகிவிடும். அந்த வரி இல்லாமல் வந்த சான்றைப் பல்கலைக்கழகம் திருப்பி அனுப்பும். இவர்களுக்கு என் பரிந்துரை, வேலை பார்க்கும் மாவட்டத்தின் பல்கலைக்கழகத்தின் கீழ், ஏற்கெனவே நாலைந்து பேரைப் பட்டம் வரை கொண்டுபோன கைடு உள்ள கல்லூரி. கோடையில் கோர்ஸ் வொர்க் வகுப்பு வைப்பார்களா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

திருமணம் பேசிக்கொண்டிருக்கும் பெண்களின் வீட்டார் அடிக்கடி சொல்வது, "கல்யாணம் முடியட்டும், அந்த ஊரில் போய்ச் சேர்ந்துகொள்ளலாம்" என்பது. காத்திருக்கத் தேவையில்லை. திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ பெண் ஆய்வாளர் இடம் மாறினால், ஆய்வுத் தரவுகளைப் புது நிறுவனத்துக்குக் கொண்டுபோக யு.ஜி.சி. விதியில் இடமிருக்கிறது. பழைய நிறுவனம் நிதி வாங்கி நடத்தும் திட்டத்தைச் சேர்ந்த ஆய்வாக அது இருக்கக் கூடாது, முன்பு செய்த பகுதிக்குப் பழைய கைடுக்கும் நிறுவனத்துக்கும் உரிய அங்கீகாரம் தர வேண்டும் என்பவை நிபந்தனைகள். ஆகவே மாற வேண்டி வரலாம் என்று நினைப்பவர்கள் கைடின் புராஜெக்டில் ஒட்டிக்கொள்ளாமல் தனித் தலைப்பில் பதிவது நல்லது. கோர்ஸ் வொர்க் மதிப்பெண் பட்டியலையும், ஒவ்வொரு கமிட்டிக் கூட்டத்தின் கையெழுத்திட்ட அறிக்கையையும் தங்கள் பேரில் ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். புது இடத்தில் முதலில் கேட்பது அவற்றைத்தான்.